கிளட்ச் போய்விட்டதா என்பதை லிவர் சொல்லும்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் பார்க்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 200 சிசி டர்ட் பைக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, மீட்டரில் 46,000 கிலோமீட்டர். மழை ஈரத்தில் உர மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறியபோது கிளட்ச் லிவர் லொடலொடவென்று ஆகிவிட்டது, நியூட்ரலும் விழவில்லை. அங்கேயே நிறுத்தி, லிவர் பக்கத்தில் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகி இறுக்கியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துச் சேலம் இறங்கி ஆயில் மாற்றிக்கொண்டு திரும்பும்போது, அடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதும் மூன்றாவது கியரில் இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. பட்டறையில் காட்டினால், "கிளட்ச் செட் முழுசா போச்சு, மாத்திடலாம்" என்றார்களாம். மாற்றத்தான் வேண்டுமா என்பது கேள்வி.

தம்பி, மாற்ற வேண்டி வரலாம். ஆனால் இன்றைக்கே காசைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. லிவர் லூஸானதும், நீங்கள் அதை இறுக்கியதும், பிறகு ஸ்லிப் வந்ததும், அதாவது இன்ஜின் சுற்றியும் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கியதும், ஒரே சங்கிலி. அதை அவிழ்க்காமல் புது பிளேட் போட்டால், அந்த பிளேட்டும் ஆறு மாதத்தில் இதே இடத்துக்கு வந்து நிற்கும்.

சேலத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வண்டி வேலை பார்க்கிறேன். 2011-இல் ஹீரோவின் இம்பல்ஸ் பைக் வந்த காலம் தொட்டு, 2019-இல் அவர்களின் எக்ஸ்பல்ஸ் 200 வந்த பிறகு இன்னும் அதிகமாக, மலைத்தோட்டங்களில் உழைக்கிற வண்டிகள் என்னிடம் வருகின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கிளட்ச் கவரைக் கழற்றுவதற்கு முன் அரை மணி நேரம் லிவரோடு செலவழித்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று முக்கால்வாசி தெரிந்துவிடும்.

உள்ளே இருப்பது ஓர் அடுக்கு. உராய்வுப் பொருள் ஒட்டிய கிளட்ச் பிளேட் ஒன்று, வெறும் ஸ்டீல் பிளேட் ஒன்று என்று மாறி மாறி அடுக்கியிருக்கும். கிளட்ச் பிளேட்டின் வெளிக்காதுகள் ஹவுசிங்கின் காடிகளில் உட்கார்ந்திருக்கும். ஹவுசிங்கைச் சுற்றுவது இன்ஜின். ஸ்டீல் பிளேட்டின் உட்பற்கள் நடுவிலுள்ள ஹப்பைப் பிடித்திருக்கும். ஹப் சுற்றினால் கியர்பாக்ஸ் சுற்றும். இந்த மொத்த அடுக்கையும் நாலைந்து ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட் வழியாக அழுத்திப் பிடிக்கின்றன. லிவரைப் பிடித்தால் அந்த அழுத்தம் விலகும். எல்லாமே இன்ஜின் ஆயிலில் நனைந்துகொண்டேதான் வேலை செய்கின்றன.

இப்போது லிவரைப் பிடிக்கும்போது, இறுக்கம் தெரிவதற்கு முன் நுனி சும்மா ஆடும் அந்தச் சின்னத் தளர்வைக் கவனியுங்கள். பிளேட் தேயத் தேய அடுக்கு மெலியும். மெலிந்தால் பிரஷர் பிளேட் உள்ளே நகரும், அதோடு சேர்ந்து, இன்ஜின் பக்கம் கேபிள் மாட்டியிருக்கும் ரிலீஸ் ஆர்மும் நகர்ந்து கேபிளில் இருக்கும் தளர்வைத் தின்றுவிடும். அதாவது, பிளேட் தேய்ந்தால் லிவர் டைட்டாகும், லூஸாகாது. நிறையப் பேர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரேக் தேய்ந்தால் பெடல் இறங்குகிறதே, அதுபோலத்தான் இதுவும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

லிவர் லூஸாவதற்கு வேறு இரண்டு காரணங்கள். ஒன்று, கேபிளின் உள்கம்பி நீள்வது அல்லது நுனியில் இழை இழையாக அறுந்துகொண்டிருப்பது. இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாக வரும். இழை அறுவது கடைசியில் திடீரென்று முற்றும். இன்னொன்று சூடு. ஹாஃப் கிளட்சிலேயே நெடுநேரம் ஏறினால் பிளேட்டுகள் காய்ந்து விரிந்து அடுக்கு தடிக்கும். அப்போது தளர்வு கூடும், கிளட்ச் முழுதாக விடுபடாது, நியூட்ரல் விழாது. ஆறினால் பழையபடி ஆகிவிடும்.

உங்களுக்கு அன்றைக்கு நடந்தது இந்த இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஈரச் செம்மண்ணும் சில்வர் ஓக் சருகும் கலந்த பாதை, பின்னால் ஐம்பது கிலோ மூட்டை, வண்டி நகர நகரக் கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து ஏறியிருப்பீர்கள். அடுக்கு சூடாகி லிவர் லூஸானது. பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை நிழலில் நிறுத்தியிருந்தால் தானாகவே சரியாகியிருக்கும். நீங்கள் சூட்டிலேயே அட்ஜஸ்டரைத் திருகிவிட்டீர்கள். வண்டி ஆறியதும் அடுக்கு சுருங்கியது. லிவரில் தளர்வே இல்லாமல் போயிருக்கும். தளர்வு இல்லை என்றால், நீங்கள் லிவரைத் தொடாமலேயே கேபிள் கிளட்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்பிரிங்கின் முழு அழுத்தம் பிளேட்டுக்குப் போகாது. ஸ்லிப் ஆகும், ஸ்லிப் ஆனால் சுடும், தேய்மானம் ஒன்றுக்குப் பத்தாகும்.

எனவே முதல் வேலை இது. காலையில் வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது ஹேண்டில்பாரை நேராக வைத்து, ஒரு ஸ்கேலைப் பிடித்து, லிவர் நுனி எவ்வளவு தூரம் சும்மா ஆடுகிறது என்று அளந்து பாருங்கள். இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் 10 முதல் 15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்ணையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள். தளர்வு இல்லை என்றால் லிவர் பக்கத்து அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே விட்டுவிட்டு, இன்ஜின் பக்கத்தில் இருக்கும் நட்டில் பெரும்பகுதியைச் சரிசெய்யுங்கள். மிச்சம் இருக்கும் நுணுக்கத்துக்குத்தான் மேல் அட்ஜஸ்டர்.

அப்புறம் ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி இரண்டு இடத்திலும் அதே தளர்வு இருக்கிறதா பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடம் முன்பு செம்மநத்தம் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. இரண்டு தரம் பிளேட் மாற்றியும் ஸ்லிப் நிற்கவில்லை. ஓட்டியவர் நல்ல கவனிப்புள்ள மனிதர். "நேர் ரோட்ல ஒண்ணும் இல்லீங்க, வளைவுலதான் கத்துது, அதுவும் ஒரு பக்கம் திரும்புற வளைவுலதான்" என்றார். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒன்றுவிட்டு ஒன்று கத்தினால் யாருக்கும் தெரிந்துவிடும். கீழே விழுந்து எழுந்த வண்டிக்கு உயரமான ஹேண்டில்பார் மாட்டியிருந்தார்கள், கேபிள் பழைய நீளம். ஒரு பக்கம் திருப்பினால் கேபிள் விறைத்துக் கிளட்சைப் பிடித்தது. நீளமான கேபிள் ஒன்றைப் போட்டுச் சரியான வழியில் விட்டதும் முடிந்தது. இரண்டு செட் பிளேட் வீணாகப் போயிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்காது.

அடுத்தது ஆயில். நீங்கள் என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை. டப்பாவைத் தேடிப் பாருங்கள். பைக் ஆயிலில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் கிளட்சுக்காக ஜப்பானில் 1998-இல் கொண்டுவந்த தரம் அது. எம்பி என்று போட்டிருந்தால் அது ஸ்கூட்டருக்கானது, வழுக்கல் அதிகம். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். இன்ஜினுக்கு அது நல்லது, நம் கிளட்சுக்கு எண்ணெயில் கால் வைத்த மாதிரி. ஆயிலின் தடிமனைச் சொல்லும் 10டபிள்யூ-30 என்ற எண் மட்டும் ஒத்துப்போனால் போதாது. தப்பான ஆயில் என்று தெரிந்தால் இறக்கிவிட்டுச் சரியானதை ஊற்றி நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். பல நேரம் கிளட்ச் திரும்பப் பிடித்துக்கொள்ளும். சிலவற்றுக்கு இன்னொரு தரம் ஆயில் மாற்ற வேண்டிவரும்.

ஆயிலை இறக்கும்போது அப்படியே குப்பையில் கொட்டாதீர்கள். பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டிப் பாருங்கள். கருகல் வாடையோடு கருந்தூள் தங்கினால் பிளேட்டின் உராய்வுப் பொருள் எரிந்திருக்கிறது. வெள்ளி மினுக்கம் தெரிந்தால் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டாமல் மினுங்குவது அலுமினியம். ஹவுசிங்கின் காடிகளைப் பிளேட்டின் காதுகள் அடித்துத் தின்றுகொண்டிருக்கலாம். காப்பியில் பால் கலந்த நிறமாக இருந்தால் ஓடை தாண்டும்போது தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

தளர்வும் சரி, ஆயிலும் சரி என்றான பிறகுதான் ஓட்டிப் பார்க்கும் சோதனை. இதில் எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு, கண்ணால் பார்க்கக்கூடியது, வாதத்துக்கு இடமில்லாதது. கிளட்ச் நன்றாகப் பிடித்திருந்தால், ஒரு கியரில் ஒரு வேகத்துக்கு ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று, எப்போதும் ஒன்றுதான். சமதளமோ ஏற்றமோ, ஆள் ஒருவரோ இருவரோ, அது மாறவே மாறாது. ஓமலூர் போகும் நாற்கரச் சாலையில் விடிகாலையில், போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்து, நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரை லேசாகப் பிடித்து 50-இல் சீராகப் போங்கள். ஆர்பிஎம் எவ்வளவு என்று பார்த்து, டேங்கில் ஒட்டிய டேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியருக்கும் 40-இல் ஓர் எண் எழுதுங்கள். பிறகு மலை ஏறுங்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு, வளைவுகளுக்கு இடையே வரும் நேரான ஏற்றத்தில், அதே கியர், அதே வேகம், ஆக்ஸிலேட்டர் முழுதாக. கீழே 5,000 காட்டியது மேலே 5,600 காட்டினால் கிளட்ச் வழுக்குகிறது, வேறு விளக்கம் கிடையாது. எண் மாறவில்லை என்றால், வண்டி எவ்வளவு சோர்ந்து ஏறினாலும் கிளட்சைக் குறை சொல்லாதீர்கள்.

இதைத் தார் ரோட்டில் மட்டுமே செய்யுங்கள். மண்ணிலும் சரளையிலும் பின் சக்கரம் சும்மா சுற்றினாலும் இன்ஜின் இதே மாதிரி கத்தும். பல வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து கணக்கெடுப்பதால், பின் சக்கரம் சறுக்குவது அப்படியே கிளட்ச் ஸ்லிப் மாதிரி மீட்டரில் தெரியும். தேய்ந்த டயரோடு வந்து கிளட்ச் மாற்றச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் மேல் கியரில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், முதல் கியரில் வண்டி சட்டென்று வேகமெடுத்துவிடும், பிளேட் மேல் சுமை நிலைத்து நிற்காது. மேல் கியரில் சக்கரம் அவ்வளவு சீக்கிரம் வழிவிடாது, இன்ஜினின் முழு இழுவையையும் பிளேட் நெடுநேரம் தாங்க வேண்டியிருக்கும். தேய்மானம் முதலில் தலைகாட்டும் இடம் அதுதான். நாலு, ஐந்தில் மட்டும் வழுக்கினால் ஆரம்ப நிலை. இரண்டாவது கியரிலேயே வழுக்கினால் ரொம்ப நாளாகக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் 1,200 மீட்டர் உயர வித்தியாசம். மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு, இன்ஜினின் பலமும் அந்த அளவுக்குக் குறையும். அதோடு தோட்டத்துத் தூசி அடைத்த ஏர் ஃபில்டரும் சேர்ந்தால் வண்டி மூச்சு வாங்கும். ஆனால் அந்தச் சோர்வில் ஆர்பிஎம்மும் சேர்ந்தே ஏறாமல் நிற்கும். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். இரண்டும் ஏறாவிட்டால் காற்று, பெட்ரோல், அல்லது ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக். செயின் ஸ்பிராக்கெட் பல் தேய்ந்து செயின் தாண்டினால் "டக் டக்" என்று காலுக்கடியில் அடிக்கும். கிளட்ச் வழுக்கும்போது அப்படி அடி விழாது, வெண்ணெய் மாதிரி நழுவும்.

முன் சக்கரத்தைச் சுவரில் முட்டி, மேல் கியர் போட்டு, கிளட்சை விட்டால் இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. தளர்வும் ஆயிலும் சரியாக இருந்தும் அணையவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது, சந்தேகம் வேண்டாம். ஆனால் அணைந்துவிட்டது என்பதற்காகக் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. ஐட்லிங்கில் இன்ஜினுக்கு என்ன பலம் இருக்கிறது? அதைத் தாங்கும் பிளேட், பதினைந்தாவது வளைவில் இரண்டு பேரோடு ஏறும்போது கைவிட்டுவிடும்.

ஸ்லிப் தவிர வேறு அறிகுறிகளும் உண்டு. லிவரை முழுக்கப் பிடித்தும் வண்டி முன்னே நகரப் பார்ப்பது, சூட்டில் மட்டுமல்லாமல் எப்போதுமே நியூட்ரல் விழ மறுப்பது, இவை ஸ்டீல் பிளேட் வளைந்ததற்கோ ஹவுசிங் காடியில் பள்ளம் விழுந்ததற்கோ அடையாளம். கிளம்பும்போது நடுங்கிக் குதித்தாலும் இதே சந்தேகம்தான். காலையில் முதல் கியர் போடும்போது மட்டும் ஒரு தரம் குலுங்கினால் பயப்பட வேண்டாம், குளிர்ந்த ஆயிலில் பிளேட்டுகள் ஒட்டியிருக்கும். ஐட்லிங்கில் கலகலவென்று ஒரு சத்தம் வந்து, லிவரைப் பிடித்ததும் மாறினால், ஹவுசிங்கைக் காது கொடுத்துக் கவனிக்க வேண்டும்.

சரி, எல்லாம் பார்த்த பிறகும் வழுக்குகிறது என்றால் கவரைக் கழற்றத்தான் வேண்டும். நீங்களே செய்தாலும் பட்டறையில் கொடுத்தாலும், பக்கத்தில் நின்று இதையெல்லாம் பாருங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பிளேட்டுகளை எடுத்த வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. சில வண்டிகளில் அடியில் இருக்கும் பிளேட் மட்டும் அகலம் குறைந்து, உள்ளே ஒரு மெல்லிய வளையத்தோடு வரும். சிலவற்றில் மேல் பிளேட்டின் காது பக்கத்துக் காடியில் மாறி உட்காரும். வரிசை மாறினால் புதுப் பிளேட்டும் கோளாறு பண்ணும்.

ஒவ்வொரு கிளட்ச் பிளேட்டின் தடிமனையும் வெர்னியர் அளவுகோலில் நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். கண்ணால் பார்த்து "தேஞ்சிருக்கு" என்று சொல்வதை ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த அளவு வண்டிகளில் புதுப் பிளேட் சுமார் 3 மில்லிமீட்டர் இருக்கும். அரை மில்லிமீட்டர் குறைவதற்குள்ளாகவே பெரும்பாலும் எல்லை வந்துவிடும். அந்த எல்லை எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அளவு சரியாக இருந்தும் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்து, கருகல் வாடை அடித்தால், அந்தப் பிளேட் பிடிக்காது. ஸ்டீல் பிளேட்டை ஒரு தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அடியில் விட்டுப் பாருங்கள், 0.2 மில்லிமீட்டர் இலை தாராளமாக நுழைந்தால் வளைந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். நீலம் பாய்ந்திருந்தால் நன்றாகவே சுட்டிருக்கிறது.

பட்டறைகளில் பெரும்பாலும் தவறவிடுவது ஸ்பிரிங்கை. 46,000 ஓடி, பலமுறை சூடேறிய ஸ்பிரிங் குட்டையாகியிருக்கலாம். ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். பிளேட் எல்லைக்குள் இருந்து ஸ்பிரிங் மட்டும் குட்டையாக இருந்தால், ஸ்பிரிங் மட்டும் மாற்றினாலே போதும். ஒரு ஸ்பிரிங் குட்டை என்றாலும் அத்தனையையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஹவுசிங் காடிகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். நகம் லேசாகத் தட்டுப்படும் பள்ளத்தை நேர்த்தியான அரத்தால் சமன்செய்யலாம். நகம் மாட்டி நிற்கும் அளவு பள்ளம் என்றால் அரம் போட்டுப் பயனில்லை, ஹவுசிங் மாற்ற வேண்டும். அதனால்தான் "முழு செட்" என்ற பேச்சை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. உங்கள் வண்டிக்கு அது உண்மையாகவே தேவைப்படலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது வெர்னியர்.

புதுப் பிளேட் போட்டால் முதல் நாள் இரவே அதே இன்ஜின் ஆயிலில் ஊறப் போடுங்கள். உலர்ந்த பிளேட்டை மாட்டி ஸ்டார்ட் செய்தால் சீக்கிரமே கருகிவிடலாம். ஸ்பிரிங் போல்ட்டுகள் சின்னவை, அலுமினியத்தில் ஏறுபவை. இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கவர் கேஸ்கெட் புதிதாகவே இருக்கட்டும்.

இனி ஓட்டுவது பற்றி. தோட்டத்துப் பாதையில் மூட்டை ஏற்றுவதுதான் உங்கள் அன்றாட வேலை என்றால், முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைப்பதைப் பற்றி யோசியுங்கள். 13 பல் 12 ஆனால் ஒவ்வொரு கியரும் எட்டு சதவீதம் போல இறங்கும். நெடுஞ்சாலையில் கொஞ்சம் கத்தும், மைலேஜும் கொஞ்சம் குறையும். ஆனால் முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டே மெதுவாக ஏறலாம். ஹாஃப் கிளட்ச் போட வேண்டிய நேரம் குறையும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது இரண்டாவது கியரில் ஹாஃப் கிளட்ச் பிடிப்பதைவிட, இடைவெளி விட்டு நின்று முதல் கியரில் கிளம்புவது மேல். ஏற்றத்தில் நிற்கும்போது வண்டியைக் கிளட்சால் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். இரண்டு விரலை எப்போதும் லிவர் மேல் வைத்திருக்கும் பழக்கம் பாறைப்பாதைக்கு நல்லது, தார் ரோட்டில் எடுத்துவிடுங்கள்.

இப்போதைக்கு நாளைக் காலை வண்டி ஆறியிருக்கும்போது தளர்வை அளந்து, ஆயில் டப்பாவில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் எழுதுங்கள். மேல் அட்ஜஸ்டரை அன்றைக்கு எத்தனை சுற்றுத் திருகினீர்கள் என்பது நினைவிருந்தால் அதையும் சேருங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் என்றால், அதைத் திருப்பிவிட்ட பிறகு ஒரு தரம் மலை ஏறிப் பார்க்காமல் கவர் போல்ட்டில் கை வைக்க வேண்டாம்.